பழங்குடி மக்களின் தொண்டர் தக்கர் பாபா

பெங்களூருவுக்குத் தெற்கே பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் வாழ்கின்றனர். நாகரஹொளே காட்டை ஒட்டி, தேன் எடுக்கும் ஜேனு குறுபர் வாழ்கின்றனர். நீலகிரியில் தோடர், கோத்தர், இருளர் முதலியோர் உள்ளனர். இவர்களைப் பழங்குடி மக்கள் என்கிறோம். இவர்களைப் போன்ற மக்களின் குழந்தைகளும் பள்ளிக்குச் சென்று பயில வேண்டும் என்று தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் தக்கர் பாபா.

அவருடைய இயற்பெயர் அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர். இவர் 1869ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் குஜராத்தில் உள்ள பவநகரில் பிறந்தார். புனே பொறியியல் கல்லூரியில் பயின்று பொறியாளர் ஆனார். சில காலம் கடல் கடந்து சென்று, ஆப்பிரிக்காவில் உகாண்டா இரயில்பாதை அமைக்கும் பணியிலும் ஈடுபட்டார். பின்னர் பம்பாய் மாநகராட்சியில் பொறியாளராகப் பணியாற்றினார்.

நகரின் குப்பையை அகற்றும் தொழிலாளர்களை அங்கே அவர் நாள்தோறும் கண்டார். ஊரைத் தூய்மை செய்தவர்களின் குடியிருப்புகளில் தூய குடிநீரும் இல்லை. அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. கடன் சுமை அவர்களை அழுத்தியது. இந்தக் காட்சி அவர் மனத்தை வருத்தியது. பதவியில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் உதவினால் போதாது என்று அவர் உணர்ந்தார். 1914ஆம் ஆண்டு, நல்ல ஊதியம் தந்த வேலையைத் துறந்து, கோபால கிருஷ்ண கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 44.

பஞ்சம் தோன்றிய இடங்களுக்கெல்லாம் தக்கர் சென்றார். குஜராத்தின் பஞ்சமகால் பகுதியில் நிவாரணப் பணி செய்தபோது, பீல் என்னும் பழங்குடி மக்களின் துன்பத்தை நேரில் அறிந்தார். அவர்கள் காட்டையும் மேட்டு நிலத்தையும் நம்பி வாழ்ந்தனர். மழை பொய்த்தால் வட்டிக்காரரிடம் கடன் வாங்கினர். எழுதப் படிக்கத் தெரியாததால், கடன் சீட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை அவர்களால் அறிய முடியவில்லை. உணவு வழங்கினால் ஓராண்டுப் பசி தீரும். கல்வி வழங்கினால்தான் ஏமாற்றப்படும் நிலை மாறும் என்று தக்கர் எண்ணினார். அதனால் 1922ஆம் ஆண்டு தாகோத் நகரில் பீல் சேவா மண்டலத்தை நிறுவினார்.

பள்ளி திறந்தவுடன் பிள்ளைகள் வந்துவிடவில்லை. பீல் மக்களின் வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில், அவரவர் வயல்களின் நடுவே இருந்தன. பிள்ளைகள் ஆடுமாடு மேய்த்தனர். வீட்டில் பேசிய மொழி வேறு. பாடநூலின் மொழி வேறு. ஆகவே பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஆசிரமப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அங்கே எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்டன. உழவும் நூற்பும் பயிற்றுவிக்கப்பட்டன. தொண்டர்கள் பெற்றோரின் குடிசைகளுக்கே சென்று பேசினர். நோயுற்றோருக்கு மருந்து கொடுத்தனர். குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்ற பின்னரே பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்க முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மக்கள் தக்கரைப் பாபா என்று அன்புடன் அழைத்தனர். பாபா என்றால் தந்தை என்பது பொருள்.

1932ஆம் ஆண்டு ஹரிஜன சேவக சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பாபா பொறுப்பேற்றார். தீண்டாமையை எதிர்த்துக் காந்தியடிகள் 1933, 1934ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட நெடும்பயணத்தை ஒழுங்கு செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். அப்பயணம் பெங்களூருவுக்கும் தமிழகத்துக்கும் வந்தது. சென்னை தியாகராய நகரில் 1946ஆம் ஆண்டு காந்தியடிகள் அடிக்கல் நாட்டிய தொழிற்பயிற்சி நிலையம், இன்றும் தக்கர் பாபா வித்யாலயம் என்னும் பெயருடன் விளங்குகிறது.

பழங்குடி மக்களுக்கு எது நன்மை என்பதில் அந்நாளில் கருத்து வேறுபாடு இருந்தது. வெளியார் வரவால் அவர்களின் நிலமும் பண்பாடும் அழியும் என்று அஞ்சிய மானிடவியல் அறிஞர் வெரியர் எல்வின், அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்றார். ஒதுக்கி வைத்தால் அவர்கள் என்றும் பின்தங்கியே இருப்பர் என்று பாபா வாதிட்டார். இருவரும் அம்மக்கள் மீது அன்பு கொண்டவர்களே. கல்வியும் பெற வேண்டும். தம் மொழியையும் வழக்கங்களையும் இழந்துவிடக் கூடாது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்னும் கேள்வி இன்றும் நம்முன் நிற்கிறது.

இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் பாபா உறுப்பினராக இருந்தார். அசாம் தவிர்த்த பகுதிகளில் வாழும் பழங்குடியினரின் நிலையை ஆராய்ந்த துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். எழுபத்தைந்து வயதைக் கடந்த பின்னும், தொலைவில் உள்ள மலைப் பகுதிகளுக்குச் சென்று மக்களின் நிலையை அறிந்தார். பழங்குடி மக்களின் கல்வி நலனை அரசு சிறப்பாகப் பேண வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு கூறுகிறது. 1948ஆம் ஆண்டு பாபாவின் முயற்சியால் பாரதிய ஆதிம ஜாதி சேவக சங்கம் உருவானது.

1951ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தமது 81ஆம் வயதில் பாபா மறைந்தார். அவருடைய நூற்றாண்டான 1969இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் நாளில் வளர்ந்த ஆசிரமப் பள்ளி முறை இன்று கருநாடகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் வழங்குகிறது. அங்கே பயிலும் பிள்ளைகளுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள்.

சொற்பொருள்
நிவாரணம் – துயர் துடைப்பு
துறந்து – விட்டு நீங்கி
நூற்பு – நூல் நூற்றல்

வினாக்கள்
1. தக்கர் தம் பொறியாளர் பணியை ஏன் துறந்தார்?
2. பீல் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில் இருந்த தடைகள் யாவை?
3. உங்கள் வீட்டு மொழியும் பள்ளியில் பயிலும் மொழிகளும் யாவை? வீட்டு மொழியை மறவாமல் இருக்க நீங்கள் செய்வனவற்றை ஐந்து வரிகளில் எழுதுக.