பதுங்கிய புலியும் ஜான் வான் நியூமனும்

புலி பதுங்குவது பாய்வதற்குத்தான். நம்ம ஊர்ல இதைச் சொல்லாத ஆள் இல்லை. போக்கர் ஆடுறவங்க இதுக்கு ‘ஸ்லோ ப்ளே’ன்னு பேர் வச்சிருக்காங்க. கையில செம சீட்டு இருக்கும். ஆனா ஒண்ணுமே இல்லாத மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு, பெட் கட்டாம ‘செக்’ சொல்லிட்டு உட்காரணும். எதிராளி தைரியமாகி தானே வந்து மாட்டுவான்னு ஒரு நம்பிக்கை.

இந்தப் பதுங்கலைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பாடத்தில் வருகிற அதே வான் நியூமன்.

1903 டிசம்பர் 28, புடாபெஸ்ட். அப்பா வங்கிக்காரர். பையனுக்குக் கணிதம்தான் உயிர். அப்பாவுக்கோ கணிதம் சோறு போடுமா என்ற கவலை. முடிவு என்ன தெரியுமா? கெமிக்கல் இன்ஜினியரிங்! (நம்மில் பாதிப் பேர் வீட்டுக் கதை.) அவர் அப்பாவோடு சண்டை போடவில்லை, ரெண்டையும் படித்தார். 1926-ல் சூரிச்சில் இன்ஜினியரிங் பட்டம், அதே ஆண்டு புடாபெஸ்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம். அப்போது வயசு 22.

1928-ல் விளையாட்டுகளைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். செஸ்ஸில் எல்லாக் காயும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். போக்கரில் அப்படி இல்லை, முக்கியமான விஷயம் மறைந்திருக்கும். காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவாங்களே, அந்த மாதிரி. மறைப்பு இருக்கிற இடத்திலும் ஒருத்தர் கணக்காக ஆட முடியுமா என்பதுதான் அவரது கேள்வி. ரெண்டு பேர் ஆடி, ஒருவரின் லாபம் மற்றவரின் நஷ்டமாக இருந்தால், முடியும் என்று நிரூபித்தார்.

1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1944-ல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து, 600 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். கேம் தியரி என்ற துறைக்கே அதுதான் அடித்தளம். அதில் போக்கருக்குத் தனி இடம் உண்டு. ஏமாற்றி ஆட ரெண்டு காரணம் இருக்கலாம் என்று அதில் பிரித்துக் காட்டினார். ஒன்று, பலவீனமாக இருக்கும்போது பலசாலி மாதிரி காட்டுவது. இன்னொன்று, பலமாக இருக்கும்போது பலவீனம் மாதிரி காட்டுவது. ரெண்டாவதுதான் நம்ம பதுங்கும் புலி.

அவரது மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேர் ஆளுக்கு 1 ரூபாய் நடுவில் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு ரகசிய எண். பெரிய எண்தான் ஜெயிக்கும். முதல் ஆள் 2 ரூபாய் பெட் கட்டலாம், அல்லது செக் சொல்லி அப்படியே சீட்டைத் திறக்கலாம். பெட் வந்தால் ரெண்டாம் ஆள் கால் பண்ணணும், இல்லை ஃபோல்டு. கணக்குப் போட்டால் முதல் ஆளுக்கு வரும் விடை: மேலே இருக்கும் 9-ல் 2 பங்கு எண்களுக்கு பெட், அடிமட்டத்தில் இருக்கும் 9-ல் 1 பங்குக்கும் பெட், நடுவில் இருக்கும் 9-ல் 6 பங்குக்கு செக். பொய் சொல்ல வேண்டியது மட்டமான சீட்டு. நல்ல சீட்டு நேராகக் காசு கட்ட வேண்டும். அந்தப் பொய்கள் இருப்பதால்தான் நல்ல சீட்டின் பெட்டுக்கும் எதிராளி கால் பண்ணுகிறான்.

அப்ப பதுங்கவே கூடாதா? அப்படி இல்லை. இந்த மாதிரியில் செக் சொன்னதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. நிஜ ஆட்டத்தில் நீங்கள் செக் சொன்ன பிறகு எதிராளி பெட் கட்டலாம். அவன் கட்டுகிற ஆளாக இருந்தால் பதுங்குவதில் லாபம் உண்டு.

சின்னத் தொகை நோ-லிமிட் ஆட்டத்தில் பெரும்பாலும் அப்படி ஆள் கிடைப்பதில்லை. அங்கே இருப்பவர்கள் தாங்களாகக் கட்ட மாட்டார்கள். அடுத்தவர் கட்டினால் ஆசையில் கால் பண்ணுவார்கள். ஹாஸ்டலில் சட்டை பட்டன் வச்சே கணக்குப் போட்டுப் பாருங்க. நடுவில் 20 பட்டன். உங்ககிட்ட ரெண்டு ஏழு, பொதுச்சீட்டிலும் ஒரு ஏழு. மூன்று சுற்றும் நடுவில் கிடக்கும் அளவுக்கே கட்டி, அவன் கால் பண்ணிக்கொண்டே வந்தால், 20 என்பது 60, 180, 540 என்று வளரும். முதல் சுற்றில் பதுங்கிவிட்டால் 180-ல் நின்றுவிடும். அவனிடமிருந்து வர வேண்டிய 260-க்குப் பதில் 80 தான் வரும். அது மட்டுமா? அவனுக்கு ஃப்ளஷ் ஆக ஒரே ஒரு சீட்டு தேவைப்பட்டால், அடுத்த சீட்டிலேயே அது விழ ஏறக்குறைய 5-ல் 1 வாய்ப்பு. அதை இலவசமாகக் கொடுத்தது நீங்கள்தான். (பட்டனோடு நிறுத்திக்கோங்க மக்களே. காசு வச்சு ஆன்லைனில் ஆடுவதைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டாச்சு.)

இப்ப அவர் வாழ்க்கைக்கு வருவோம். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை, எல்லாமே ரகசியம். அதே சமயம் எக்கர்ட், மாக்லி என்ற பொறியாளர்களின் குழுவோடு எட்வாக் என்ற கணினிக்கான ஆலோசனைகளிலும் இருந்தார். நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைப்பது என்ற யோசனை அந்தக் குழுவில் பேசி உருவானது. 1945 ஜூனில் அவர் எழுதிய வரைவு, அவர் பெயர் மட்டும் போட்டு, பல ஊர்களுக்குப் போய்விட்டது. அனுப்பியது ஹெர்மன் கோல்ட்ஸ்டைன். வெளியே வந்த விஷயத்துக்கு காப்புரிமை கேட்க முடியாது என்று ஆகிப்போனது. கையில் இருந்ததைக் காட்டாமல் காத்திருந்த எக்கர்ட்டும் மாக்லியும் காப்புரிமையையும் இழந்தார்கள், பெயரிலும் பங்கு கிடைக்கவில்லை. அவர்களது கோபம் நியாயமானது. இன்னும் பாடப்புத்தகத்தில் ‘வான் நியூமன் ஆர்க்கிடெக்சர்’ என்றுதான் படிக்கிறோம்.

அதன்பிறகு பிரின்ஸ்டனில் அவர் கட்டிய கணினியின் வடிவமைப்பு அறிக்கைகளை அவரது குழு ஒளிக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. இல்லினாயில் இலியாக், லாஸ் அலமோஸில் மேனியாக், சிட்னியில் சிலியாக், இஸ்ரேலில் வைசாக் என்று அதைப் பார்த்துப் பல கணினிகள் பிறந்தன.

1955-ல் அவருக்குப் புற்றுநோய் தெரிய வந்தது. கடைசி நாட்களில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், மருந்து மயக்கத்தில் ரகசியம் எதையாவது உளறிவிடுவாரோ என்று கட்டிலருகே ராணுவக் காவல் போட்டார்கள். 1957 பிப்ரவரி 8 அன்று, 53 வயதில் இறந்தார்.

காவல் போட்டுக் காத்த ரகசியங்கள் என்னென்ன என்று இன்றைக்கு நமக்குக் கவலை இல்லை. நீங்கள் இதைப் படிக்கிற போனுக்குள், நிரலும் தரவும் ஒரே நினைவகத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அது மேசையில் விரித்துப் போட்ட சீட்டு. உங்க புராஜெக்டை யாராவது சுட்டுடுவாங்கன்னு எட்டாவது செமஸ்டர் வரைக்கும் பதுக்கி வச்சிருக்கீங்களா? எதிரில் நிஜமாகவே பெட் கட்ட ஆள் இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா இன்னைக்கே கட்டுங்க.