திருத்தணி டு ஆக்ஸ்ஃபோர்டு: பி.ஆர். துறைக்குத் தயாராகும் மாணவர்களுக்கு ராதாகிருஷ்ணன் வாழ்க்கை சொல்வது என்ன?

செப்டம்பர் 5 வந்தால் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படத்துக்கு ஒரு மாலை, பள்ளியில் கலைநிகழ்ச்சி, வாட்ஸ்அப்பில் ஆசிரியர் தின வாழ்த்து. பேராசிரியர், தத்துவ மேதை, குடியரசுத் தலைவர் என்று மூன்று வரியில் அவர் கதை முடிந்துவிடும். அவர் மாணவராக இருந்தபோது என்ன செய்தார் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விஸ்காம், ஜர்னலிசம் படித்துக்கொண்டே பி.ஆர். எனப்படும் மக்கள் தொடர்புத் துறைக்குத் தயாராகிறவர்களுக்கு அந்தப் பகுதிதான் ரொம்ப முக்கியம்.

ராதாகிருஷ்ணன் எந்த நிறுவனத்திலும் பி.ஆர்.ஓ.வாக இருந்தவர் இல்லை. ஆனால், ஒரு தரப்பின் சார்பில் வெளியாரிடம் பேசுவது, சந்தேகத்தோடு கேட்பவருக்கும் புரியவைப்பது, நம்பிக்கையைச் சம்பாதிப்பது ஆகியவைதான் பி.ஆர். வேலை என்றால், வாழ்நாள் முழுக்க அவர் செய்தது அதைத்தான். அதற்கான பயிற்சி கல்லூரியிலேயே தொடங்கிவிட்டது.

எங்கே தொடங்கியது?

1888 செப்டம்பர் 5-ல் திருத்தணியில் பிறந்தார். வீட்டில் பேசியது தெலுங்கு. சர்வபள்ளி என்பது நெல்லூர் பக்கம் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர். அங்கிருந்து வந்த குடும்பம். அப்பா வீராசாமி, ஜமீனில் வருவாய்ப் பிரிவில் சிறிய வேலை பார்த்தவர். வசதியான குடும்பம் கிடையாது. கல்வி உதவித்தொகையை நம்பித்தான் படிப்பு.

திருத்தணி எல்லையோர ஊர். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய், போராட்டங்களுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றைக்கும் மலைக்கோயில் படியில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். எதிரில் நிற்பவரைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்வது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். மக்கள் தொடர்பில் முதல் பாடமும் அதுதானே!

ராதாகிருஷ்ணன் அடுத்தடுத்துப் படித்தது திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. மூன்றுமே கிறிஸ்தவ மிஷன் நிறுவனங்கள். கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. பாரிமுனையில், உயர் நீதிமன்றம் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்குப் போனது 1937-ல்.

தத்துவத்தை அவர் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன்னுடைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம். அப்படித்தான் பாடம் முடிவானது. கிடைத்த கோர்ஸில் சேர்ந்துவிட்டோமே என்று வருத்தப்படுகிறவர்கள் கவனிக்கலாம்.

விமர்சனமே ஆய்வுத் தலைப்பானது எப்படி?

மிஷன் கல்லூரிகளில் அந்தக் காலத்தில் அடிக்கடி கேட்ட ஒரு விமர்சனம் உண்டு. உலகமே மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் நல்லது கெட்டது பற்றிய ஒழுக்கவியலுக்கு இடமே இல்லை என்பதுதான் அது. வீட்டில் சாமி கும்பிட்டு வளர்ந்த பையனுக்கு அது வலித்தது. கோபப்பட்டுச் சண்டை போடலாம், காதில் வாங்காமல் போகலாம். ராதாகிருஷ்ணன் அந்த விமர்சனத்தையே தன் எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றிய அந்த ஆய்வு 1908-ல் புத்தகமாகவே வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 20. அதில் அவர் எழுதிய பதில் எதிராளிக்குப் பழக்கமான மேற்கத்திய தத்துவத்தின் மொழியில், அவர்கள் மதிக்கும் தர்க்க முறையிலேயே இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் படிக்க வேண்டியிருந்தது. கான்ட்டையும் தெரியணும், சங்கரரையும் தெரியணும்.

அவருக்குப் பாடம் நடத்திய ஏ.ஜி.ஹாக் ஸ்காட்லாந்துக்காரர், மிஷனரி. மாணவர் தரப்பு அவருடைய தரப்பு இல்லை. ஆனாலும் சிக்கலான வாதத்தைக் கையாளும் திறமையையும் ஆங்கில நடையையும் பாராட்டி நற்சான்று கொடுத்தார். நம் பேச்சை ஏற்காதவர்கூட, நாம் நேர்மையாகப் படித்துவிட்டுப் பேசுகிறோம் என்று ஒப்புக்கொள்வது சாதாரண விஷயமா?

அதே காலத்தில் பி.ஆர். துறை எங்கே இருந்தது?

1906-ல், அதாவது அந்தப் புத்தகத்துக்கு இரண்டு வருடம் முன்பு, அமெரிக்காவில் ஐவி லீ என்ற முன்னாள் பத்திரிகையாளர் நிலக்கரி நிறுவனங்களுக்காக வேலை பார்த்தார். பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை வெளிப்படையாக நடக்கும், சரியான தகவல்தான் தருவோம், எந்த ஆசிரியரும் சரிபார்க்கலாம், உதவுவோம் என்பது அதன் சாரம். நவீன மக்கள் தொடர்புத் துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைத்தான் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. எட்வர்ட் பெர்னேஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கியது 1923-ல்தான்.

ஆக, ராதாகிருஷ்ணன் படித்த காலத்தில் இதற்கென்று ஒரு டிகிரி கிடையாது. ஆனால், சரிபார்க்கக்கூடிய தகவலோடு பேசு என்ற அடிப்படை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

படித்து முடித்த பிறகு?

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை. அதோடு எழுதுவதை நிறுத்தவில்லை. 1911-ல் பகவத் கீதையையும் கான்ட்டையும் ஒப்பிட்ட அவரது கட்டுரை வெளிநாட்டு ஒழுக்கவியல் இதழ் ஒன்றில் வந்தது. 1918-ல் மைசூர் பல்கலைக்கழகப் பேராசிரியர். அதே ஆண்டு தாகூரின் தத்துவம் பற்றிய புத்தகம். 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகம்.

1926-ல் முதல் வெளிநாட்டுப் பயணம். ஆக்ஸ்ஃபோர்டில் உரைத்தொடர், ஹார்வர்டில் உலகத் தத்துவ மாநாடு. அந்த ஆக்ஸ்ஃபோர்டு உரைகள்தான் அடுத்த ஆண்டு இந்து வாழ்க்கை நோக்கு பற்றிய புகழ்பெற்ற நூலாக வந்தன. 1936-ல் அதே ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர் ஆனார். கல்லூரியில் கேட்ட ஒரு விமர்சனத்துக்குப் பதில் தேடியவர், விமர்சித்தவர்களின் நாட்டிலேயே அந்தப் பாடத்தை நடத்தும் இடத்துக்குப் போய்விட்டார்.

1949-ல் சோவியத் யூனியனுக்கு இந்தியத் தூதர். அவருக்கு முன்பு அங்கே தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டால் ஸ்டாலினைச் சந்திக்க முடியவில்லை. ராதாகிருஷ்ணன் சந்தித்தார், 1952-ல் விடைபெறும்போதும் சந்தித்தார். பிறகு குடியரசு துணைத் தலைவர், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். 1975 ஏப்ரல் 17-ல் சென்னையில் காலமானார்.

கேள்விகளே எழவில்லையா?

எழுந்தன. அதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தக் கதை மாணவர்களுக்கு உதவும்.

முதலாவது, 1929-ல் ஜதுநாத் சின்ஹா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டிலிருந்து பகுதிகளை எடுத்துக்கொண்டதாக ராதாகிருஷ்ணன் மீது கல்கத்தாவில் வழக்குப் போட்டார். ராதாகிருஷ்ணன் மறுத்தார், அவதூறு என்று எதிர்வழக்குப் போட்டார். 1933-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு இன்றைக்கும் ஓயவில்லை. யார் எழுதியதை எங்கிருந்து எடுத்தோம் என்ற கேள்வி எவ்வளவு பெரியவரையும் பின்தொடரும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் அம்பேத்கர். இந்து நாகரிகம் பல ஆயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்து நிற்பதை ராதாகிருஷ்ணன் பெருமையாகச் சொல்லியிருந்தார். 1936-ல் வெளியான சாதி ஒழிப்பு நூலில் அம்பேத்கர் அதைப் பெயர் சொல்லியே எடுத்துப் பேசினார். பிழைத்திருப்பது மட்டும் பெருமையாகிவிடாது, எந்த நிலையில் பிழைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி என்பது அவர் வாதம்.

வெளியிலிருந்து வந்த விமர்சனத்துக்கு 20 வயதில் உழைத்துப் பதில் சொன்னவரிடம், உள்ளே வலியோடு இருப்பவர்களின் கதை எங்கே என்று கேட்கப்பட்டது. இன்றைக்கு ஒரு கம்பெனிக்கோ அரசுத் துறைக்கோ பி.ஆர். பார்க்கிறவருக்கும் இதே சிக்கல்தான். வாடிக்கையாளரிடம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடலாம். அங்கே வேலை செய்யும் ஊழியர் கேட்கும் கேள்விக்கு என்ன பதில்?

சரி, கல்லூரியில் இருக்கும்போதே என்ன செய்யலாம்?

திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் வந்துபோய்ப் படிக்கும் மாணவர்கள் உண்டு. பெரிய நகரத்தில் தொடர்புகள் இல்லையே என்ற கவலை அவர்களுக்கு இருக்கும். ராதாகிருஷ்ணனுக்கும் அப்படி யாரும் இருந்ததில்லை.

ப்ராஜெக்டுக்கு ஒரு நிறுவனத்தையோ திட்டத்தையோ எடுத்தால், அதன் மீது வந்த புகார்களை முதலில் தேடிப் படியுங்கள். எது சரி, எது தவறு என்று எழுதிப் பாருங்கள். விளம்பர வாசகம் அதற்குப் பிறகு வரட்டும். உங்களோடு ஒத்துப்போகாத ஒரு பேராசிரியரிடம் அதைக் காட்டுங்கள். எடுத்த தகவலுக்கு எடுத்த இடத்தைக் குறியுங்கள். அந்த நிறுவனத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள். படிக்கும்போதே வெளி இதழ்களுக்கு எழுதி அனுப்புங்கள். திரும்பி வந்தால் திருத்தி மறுபடி அனுப்புங்கள். தமிழோடு இன்னொரு மொழியில் சரளமாகப் பேசத் தெரிந்தால், எல்லையோர ஊர்க்காரர்களுக்கு அது கூடுதல் பலம்.

இந்திய மக்கள் தொடர்பு சங்கம் 1958-ல் தொடங்கியது. 1968 ஏப்ரல் 21-ல் டெல்லியில் நடந்த அகில இந்திய மாநாட்டில் தொழில் நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. அந்த நாளைத்தான் தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள். தங்கள் துறை எப்போது பிறந்தது என்பதைவிட, எப்போது தனக்கு ஒரு நெறியை வைத்துக்கொண்டது என்பதை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். கேமரா, கேன்வா, பிரஸ் ரிலீஸ் ஃபார்மட் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் வந்துவிடும். நமக்குப் பிடிக்காத கேள்வியை முழுசாகக் கேட்டு, படித்து, பதில் சொல்லும் பழக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதைத் தொடங்கக் கல்லூரியைவிட நல்ல இடம் கிடைக்காது.