செம்பியன் மாதேவியார்

சோழநாட்டுச் சிவாலயங்களை வலம் வருவோர் சுவர்க்கோட்டங்களில் எழுந்தருளிய திருவுருவங்களைக் கண்டு கைகூப்பிச் செல்கின்றனர். அச்சுவர்கள் கல்லாயினமை யாரால் என்று உசாவுவோர் மிகச் சிலரே. கி. பி. 10-ஆம் நூற்றாண்டில் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் செம்பியன் மாதேவியார் என்னும் பெருமாட்டியாரே ஆவர்.

மழவரையர் மகளாராகத் தோன்றிய இவர், முதற் பராந்தகனுக்கு மைந்தராகிய கண்டராதித்த சோழருக்கு வாழ்க்கைப்பட்டனர். திருவிசைப்பாப் பாடி ஒன்பதாந் திருமுறையில் இடம்பெற்ற சிவநேயச் செல்வர் அவ்வரசர். கி. பி. 957-ஐ அடுத்து அவர் இறைவனடி சேர்ந்தனர். மகனோ இளஞ்சிறுவன், அரசுரிமை கணவர்தம் தம்பியாராகிய அரிஞ்சயர் வழிக்குச் சென்றது. பின்னாளில் சுந்தர சோழர் இறந்தபொழுது அவர் தேவி வானவன் மாதேவியார் உடனுயிர் நீத்தனர். நம் அம்மையாரோ கைம்மை நோன்பு பூண்டு, மகவை வளர்த்துத் திருப்பணியிலே வாழ்நாளைச் செலுத்தினர். அம்மகனே 970-ஐ ஒட்டி அரியணை ஏறிய உத்தம சோழன்.

திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்துத் திருக்கோயிலை அம்மையார் தம் கணவர் பெயரால் கற்றளியாக்கினர். அங்கே கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் நிலையில் ஓர் உருவம் சுவரில் வடிக்கப்பெற்று, கீழே அதன் வரலாறும் பொறிக்கப்பட்டுள்ளது. தமக்கென உருவம் வேண்டாது கணவரை இறைவன் திருமுன் நிறுத்திய அன்பு உள்ளத்தை உருக்குவதாம். கோயிலை எடுத்த சாத்தன் குணபத்தன் என்பான் பெயரும் கல்லிலே வாழ்கின்றது. கோட்டங்களில் ஆடவல்லான், அகத்தியர் முதலிய உருவங்கள் பெருகியதும் இவ்வம்மையார் கோயில்களாலேயாம். விருத்தாசலம், தென்குரங்காடுதுறை, திருவாரூர் அரநெறி ஆகியனவும் இவர் திருப்பணி பெற்றன.

இவற்றினும் சிறந்ததாக யான் கருதுவது திருக்கோடிகாவில் நிகழ்ந்தது. பழங்கோயிலைப் பிரித்துக் கட்டுங்கால், பல்லவர் காலத்தன முதலாய பழைய சாசனங்கள் கற்களிலே சிதறிக் கிடந்தன. அவற்றைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டுவித்த பின்னரே பழங்கற்களை நீக்கினர். யாரோ ஓர் ஏழை விளக்கெரிக்க விட்ட ஆடும் பொன்னும் மறக்கப்படலாகாது என்பதன்றோ இதன் கருத்து! எமக்கு அணித்தாய ஊரொன்றில் திருப்பணி நடந்தபொழுது, எழுத்துள்ள கல்லொன்று படிக்கட்டிலே தலைகீழாய்ப் பதிக்கப்பட்டிருக்கக் கண்டேன். அறிந்தவரிடம் முறையிட்டேன்; அது பழங்கல்தானே என்றனர். அன்றிரவு திருக்கோடிகாவையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகன் ஆட்சி 985-இல் முடிய, இராசராசன் பட்டம் எய்தினன். கணவர் முதலாக அரசர் ஐவர் ஆட்சியைக் கண்ட மூதாட்டியார், 1001-ஆம் ஆண்டளவும் கல்வெட்டுக்களிலே காட்சி தருகின்றனர். திருவக்கரைக் கற்றளி அவர்தம் முதுமைக்காலப் பணி.

நாகப்பட்டினத்தை அடுத்து அவர் பெயரால் ஓர் ஊர் உளது. ஆண்டுள்ள கயிலாயநாதர் கோயிலில், அம்மையார் பிறந்த நாளாகிய சித்திரைக் கேட்டையைக் கொண்டாட உத்தம சோழனுடைய தேவியர் நிவந்தம் விடுத்தனர். மாமியார்க்கு மருமக்கள் எடுத்த விழா! முதல் இராசேந்திரன் காலத்தில் அவர் படிமமும் அக்கோயிலில் வழிபாடு பெற்றது. அமெரிக்க நாட்டு வாசிங்டன் மாநகரக் கலைக்கூடம் ஒன்று 1929-இல் வாங்கிய செப்புத் திருமேனியை இவ்வம்மையார் சாயலென்பர் அறிஞர் சிலர். உமையம்மையே என்பர் வேறு சிலர்.