ஒரே ராத்திரியில் 3 பெண்கள் மரணம்.. யார் இந்த ஐடா ஸ்கடர்?

செஞ்சிக் கோட்டையில் இருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊர் திண்டிவனம். 1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு, மூன்று கணவர்கள் அடுத்தடுத்து அங்கிருந்த டாக்டர் ஜான் ஸ்கடர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

என்ன நடந்தது?
மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஒருத்தி இன்னும் சிறுமிதான். ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மகள் ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. நோயாளியைப் பார்க்காமல் சிக்கலை எப்படிக் கண்டுபிடிப்பது? விடிவதற்குள் மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

அப்புறம்?
அமெரிக்காவிலேயே வாழ நினைத்திருந்த ஐடா, மனசு மாறி டாக்டருக்குப் படித்தார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம். 1902-ல் வேலூரில் 40 படுக்கை மருத்துவமனை. ஒருத்தரால் மட்டும் முடியாதே என்று 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

1960-ல் கொடைக்கானலில் காலமானார். இன்னைக்கு சி.எம்.சி.யில் குழந்தைகளுக்கென்றே தனி அவசர சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.