மண்வளம் கண்ட அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு

குப்பையினால் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு என்றால் நம்மில் சிலர் நகைக்கக்கூடும். அவரே அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு.

இவர் 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் ஓர் உழவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்றபின், மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். நோய்க்கு மருந்து சொல்வது அவர் வேலை. சொன்னதைத் தாமே பயிரிட்டுச் சோதிக்க ஒரு துண்டு நிலமும் அவருக்கு இல்லை. இக்குறை அவர் மனத்தை வருத்தியது.

1905இல் இந்தியாவுக்கு வந்து, பீகார் மாநிலத்துப் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார். அவ்வாண்டே தாவரவியல் அறிஞரான காப்ரியேல் அம்மையாரை மணந்தார். இருவரும் இணைந்து உருவாக்கிய பூசாக் கோதுமை வகைகள் பெரும்புகழ் பெற்றன. அங்கே சுமார் 75 ஏக்கர் நிலம் அவர் பொறுப்பில் வந்தது. சுற்றுப்புறத்து உழவர்களின் வயல்களில் பூச்சிமருந்து இன்றியே பயிர் செழித்திருக்கக் கண்டு வியந்தார். பட்டம் பெற்ற அறிஞர் எழுத்தறியா உழவரிடம் பாடம் கேட்டார் என்பதே இவர் வரலாற்றில் நாம் பெரிதும் போற்றும் செய்தி.

வளமான மண்ணில் விளைந்த தீவனம் தின்ற தம் எருதுகளைக் கோமாரி நோய் தாக்கவில்லை என்றும் அவர் எழுதினார். இதனை இன்றைய கால்நடை மருத்துவர் அப்படியே ஏற்கமாட்டார். தடுப்பூசி வேண்டும் என்பார்.

1924இல் இந்தூர் நகரில் 300 ஏக்கரில் புதிய ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். பருத்தி விளையும் கரிசல் பூமி அது. சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்துவிட, வயலுக்கு எரு போதவில்லை, விளைச்சலும் குன்றியது. என் செய்வது? களை, சருகு, பருத்திமாறு ஆகிய கழிவுகளை எல்லாம் திரட்டினார். கடினமான பருத்திமாற்றைப் பாதையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களே நசுக்கும்படி செய்தார்! அவற்றுடன் சாணம், மாட்டின் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, அவ்வப்போது புரட்டினார். நுண்ணுயிர்கள் பெருகிக் குவியல் உள்ளே சூடேறியது. மூன்று மாதங்களில் கருமையான மட்கு எரு கிடைத்தது. மட்கு மண்ணைப் பொலபொலப்பாக்கும். நீரைப் பிடித்து வைக்கும். வேருக்கு உணவும் தரும்.

1930இல் காப்ரியேல் அம்மையார் காலமானார். மறு ஆண்டில் ஹோவர்டு இந்தியாவை விட்டுச் சென்றார். யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞரும் அவரும் எழுதிய நூல் 1931இல் வெளிவந்து, இந்தூர் முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றது. 1934இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

இரசாயன உரத்தை அவர் கடுமையாகச் சாடினார். வேளாண் அறிஞர் பலர் அதனை மறுத்தனர். மட்கையும் உரத்தையும் அளவறிந்து சேர்த்து இடுவதே நன்று என்பது இன்று பலரும் கொண்டுள்ள கருத்து. நம் நிபோங் தெபால் வட்டாரம் கரும்பு, ரப்பர், செம்பனை என மூன்று பயிர்களைச் சுமந்த மண். செம்பனை மட்டைகளை வெட்டி வரிசைகளுக்கிடையே அடுக்கும் நம் பெற்றோர் செய்வதும் மண்ணுக்கு உணவைத் திருப்பித் தரும் வேலைதான்.

ஹோவர்டு 1947 அக்டோபரில் மறைந்தார். காப்ரியேலின் தங்கையும் அவருடைய இரண்டாம் துணைவியுமான லூயிஸ் அம்மையார், அவரது இந்தியப் பணிகளைத் தொகுத்து 1953இல் நூலாக வெளியிட்டார்.