வடலூர் அடுப்பு

மருதூரில் 1823-ஆம் ஆண்டு தோன்றிய இராமலிங்க அடிகளார், இளமையில் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் தமையனார் இல்லத்து அறையொன்றில் கண்ணாடியும் தீபமும் வைத்துத் தணிகை முருகனைத் தியானித்தவர். அத்தியானம் முதிர முதிர, பிற உயிர்களின் பசி அவர்தம் பசியாயிற்று. உயிரிரக்கமே இறைவழிபாடு என உறுதி பூண்டார்.

வடலூரில் அன்பர்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அங்கே 1867 மே 23-இல் சத்திய தருமச்சாலையை நிறுவினார். சாதி கேளாது, சமயம் கேளாது, பசித்து வந்தார் யாவர்க்கும் சோறு.

ஆலயத் திருப்பணிக்குப் பொருள் வழங்கும் நாம் இதன் முறைவரிசையைச் சற்றே நோக்க வேண்டும். அடுப்பு முந்திற்று, ஞானசபையில் வழிபாடு தொடங்கியது 1872-இல்தான். 1874-இல் மேட்டுக்குப்பத்தில் அடிகளார் அறைக்குள் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது.