குழலிசைச் செம்மல் சரப சாஸ்திரிகள்

இசைக்கு உருகுபவன் இறைவன் என்பது சைவத்தின் துணிபு. ஆனாய நாயனார் பூத்த கொன்றையின் எதிரே நின்று, திருவைந்தெழுத்தைக் குழலில் இசைத்துப் பேறு பெற்ற வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்தருளினார். அவரது திருமங்கலம் நம் மதுரையை அடுத்த திருமங்கலம் அன்று. திருச்சிக்கு அப்பால், இலால்குடியின் பக்கத்தே மழநாட்டில் உள்ளது. இத்துணைப் பெருமையுடைய குழல், பிற்காலத்து இசையரங்குகளில் தலைமையிடம் பெறாது நின்றது. அக்குறையைப் போக்கிய பெருமை கும்பகோணம் சரப சாஸ்திரிகளைச் சாரும்.

1872-ஆம் ஆண்டில் தோன்றிய இவர், குழவிப் பருவத்திலேயே கண்ணொளி இழந்தார். ஏடு நோக்கிக் கற்கும் வழி அடைபட்டது. செவியே கல்வியின் வாயிலாயிற்று. குழலோ இவர்க்கென்றே அமைந்தாற் போன்ற கருவி. வாயருகே குறுக்காகப் பிடிக்கப்பெறுதலின், கண்ணுடையாரும் அதன் துளைகளை நோக்கி வாசித்தல் இயலாது. துளையை முற்றும் மூடுதல், சிறிதே திறத்தல், மூச்சினை மிகுத்தல், குறைத்தல் என்னும் இவற்றாலன்றோ கமகங்கள் பிறக்கின்றன! அவற்றை அறிவிப்பன விரலும் செவியுமே. இவ்விரண்டையும் இடையறாப் பயிற்சியால் கூர்மையாக்கிய சாஸ்திரிகள், அரங்கின் நடுவே குழலை முதன்மைக் கருவியாக அமர்த்தினார்.

வாழ்நாளோ குறுகியது. 1904-ஆம் ஆண்டில், முப்பத்திரண்டு வயதளவில், இவர் இறைவன் திருவடி எய்தினார். இசைத்தட்டுக்கள் நாடெங்கும் பரவுதற்கு முன்னரே மறைந்தமையின், இவரது இசை மாணவர் வாயிலாகவே வாழ்தல் வேண்டியதாயிற்று. அங்ஙனமே வாழ்ந்தது. மாணவர் பல்லடம் சஞ்சீவராவ் (1882–1962) அரை நூற்றாண்டு குழலிசையைப் பரப்பி, 1943-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். பின்னர்த் திருவிடைமருதூரிற் பிறந்த மகாலிங்கம் (1926–1986) விரலாட்சியைப் புதுக்கி, மிடற்றிசையின் நெளிவுகளையெல்லாம் குழலில் வரச்செய்தார். அவர் மாணவர் இரமணி (1934–2015) அந்நெறியை உலகறியச் செய்தார். சாஸ்திரிகள் வகுத்த அரங்கிலேயே இவர்கள் அனைவரும் அமர்ந்தனர்.

உறுப்பின் குறை உள்ளத்தின் குறையாகாது. கண்ணிலாக் குழந்தையைக் கண்டு இரங்குவதோடு அமையாது, அதன் கையில் ஒரு கலையைக் கொடுத்தலே அறம். ஆனாயர் குருபூசையாகிய கார்த்திகை அத்த நாளில், குடமுழுக்குக் கண்ட திருக்கோயில்கள்தோறும் குழலிசை ஒலிக்குமாயின், அவ்வொலியில் சாஸ்திரிகளின் தொண்டும் கலந்திருக்கும். திருவருள் முன்னிற்க!